நாலாம் இலைக்குப் பிறகு

விதைத்துப் பத்தாம் நாள்
ஜெஸீமாவின் கண்டத்தில் குந்தி
ஒரு புல்லைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன்.
நெல்லின் கழுத்தில் ஒரு நாக்கு இருக்கும்
மயிர் முளைத்த காது இருக்கும்.
கோழிச்சூடனுக்கு
நாக்கும் இல்லை காதும் இல்லை.
சொல்லாது, கேளாது,
வளரும்.

இரண்டு இலை.
மூன்றாவது, சுற்றி முடியாத பீடிபோல
நடுவில் நின்றது.
"தங்கச்சி, தண்ணிய வடிச்சு விடுங்க
நாளைக்குப் பனி காஞ்சோண்ண அடிக்கிறன்."
அவள் கைபேசியைப் பார்த்தாள்.
கட்டாரில் புருஷனுக்குச் சம்பளம்
இருபத்தைந்தாம் திகதி.
மருந்துக்கடைக்காரர்
போன போகத்துக் கடனுக்கே கொப்பியை மூடவில்லை.
அன்று பதினாறு.

என் முதுகில் பதினாறு லீட்டர்.
தாங்கிக் கணக்கில் கூலி.
பள்ளியில் பெருக்கல் வாய்பாடு ஏறவில்லை எனக்கு,
இலை எண்ணத் தெரியும்.
மல்வத்தை வட்டையில் எவருடைய வயல்
எத்தனை இலையில் நிற்கிறதென்று
மோட்டார் சைக்கிளில் போகும்போதே சொல்வேன்.

உதுமாலெவ்வையின் வயலுக்கு மறுநாளே அடித்தேன்.
மூன்றாம் நாள் தண்ணீர் கட்டினார்.
புல் பழுத்து
பிறகு இருந்த இடமே தெரியவில்லை.
வரம்புக்கு இந்தப் பக்கம்
நாலாம் இலை.
ஐந்து.
அடியில் சிவந்து, மட்டம் வெடித்து,
ஒன்று நாலாகி
நெல்லோடு தோள் உரசி நின்றது,
பசளையில் பாதி தனக்கென்று.

காசு வந்த அன்று மழையும் வந்தது.
இரண்டு நாள் விடவில்லை.
இருபத்தெட்டாம் திகதி
அவள் போத்தலை நீட்டினாள்.
லேபலில் மூன்று மொழியில் எழுதியிருந்தது:
இரண்டு இலை முதல் மூன்று இலை வரை.
நாலைப் பற்றி
எந்த மொழியிலும் ஒன்றுமில்லை.

"ரெண்டு மடங்கு போடுங்களன் நானா,
புல்லு பெருத்துப் பெய்த்து."
இரண்டு மடங்கு நெல்லைத்தான் சுடும்.
முற்றின இலையில் மருந்து
எண்ணெய் வைத்த தலையில் விழுந்த தூறல்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
வீட்டில் அரிசி
அடுத்த ஜும்ஆ வரைக்கும் காணாது,
அதுவும் தெரியும்.
"பாப்பம்" என்றேன்.

பன்னிரண்டு தாங்கி.
லேபலில் போட்ட அளவுதான், கூட்டவில்லை.
கூலியை எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஐந்தாம் நாள் வட்ஸ்அப்பில் ஒரு படம்:
நுனியெல்லாம் மஞ்சள்.
கீழே அவள் குரல்: "அல்ஹம்துலில்லாஹ், புடிச்சிட்டு!"
மூன்று தரம் கேட்டேன்.
பதில் போடவில்லை.
ஒன்பதாம் நாள் இன்னொரு படம்.
மஞ்சளுக்கு நடுவில், குருத்தில்,
நேற்றுத்தான் பிறந்ததுபோல் ஒரு பச்சை.
இந்த முறை குரல் இல்லை.

போனேன்.
முழங்காலளவு சேற்றில் தனியாக நின்றாள்,
பாவாடையைத் தூக்கிச் செருகி,
ஒவ்வொரு கழுத்தையும்
பெருவிரல் நகத்தால் தடவித் தடவி.
"நாக்கில்லாததத்தானே புடுங்கணும்?
நீங்கதான் அண்டைக்குக் காட்டினீங்க."
ஓம் என்றேன்.
சொல்ல இருந்ததைச் சொல்ல
வாயைத் திறந்தேன்,
அவள் அடுத்த நிரைக்குப் போய்விட்டாள்.

தாங்கியை வரம்பில் வைத்துவிட்டு இறங்கினேன்.
மூன்று பிடி, நாலு பிடி.
வேர் சேற்றைக் கவ்விக்கொண்டு
மனிதர் சண்டைபோல் இழுத்தது.
ஐந்தாவது பிடியைக் கரைக்கு எறியப் போகையில்
அவள் கையைப் பிடிக்காமல் நெல்லைப் பிடித்தாள்.
"நானா, இது நெல்லு."

பிடுங்கினதை வாங்கி,
பழைய குழியிலேயே வைத்து,
இரண்டு விரலால் சேற்றை அமுக்கினாள்.
சரிந்தது.
மறுபடி நிமிர்த்தி அமுக்கினாள்.